மிச்சமிருந்த தாள்கள்

அறையைத் திருப்பிக் கொடுக்கும்போது சுவரில் ஓர் ஆணித் துளைகூட இருக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. என் அறையில் ஒரே ஒரு துளைதான். மேசைக்கு மேலே, தினசரி காலண்டர் தொங்கிய இடம். 2013 மார்ச் கடைசி வாரம். வெளியே இன்னும் பனி கிடந்தது. கீழ்வீட்டு அம்மா ஒரு டப்பா பட்டியும் தகடும் குறடும் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். காலண்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஆணியைப் பிடுங்கினார். பட்டியைத் துளைக்குள் அழுத்தி, தகட்டால் ஒரே இழுப்பில் வழித்தார். காயும்வரை நாங்கள் இரண்டு பேரும் காலியான கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்துபோய் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எங்கே ஆணி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

வீடு காலி செய்வதில் அவருக்கு இருந்த கைப்பழக்கம் எனக்கு அப்போது வியப்பாக இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

ஊர் ஹாலே. கிழக்கு ஜெர்மனியில், ஸாலே ஆற்றின் கரையில் இருக்கிறது. சென்னையில் எம்.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது மாணவர் பரிமாற்றத்தில் ஒரு செமஸ்டருக்கு அங்கே போனேன். அங்கே குளிர்கால செமஸ்டர் என்றால் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. கணிதக்காரர்களுக்கு ஹாலே என்றால் ஜார்ஜ் காண்டர். 1869இல் இருபத்து நான்கு வயதில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் 1918இல் கண்மூடியதும் அதே ஊரில்தான். முடிவிலியிலும் சிறியது பெரியது உண்டு என்று காட்டியவர். அவர் வாழ்ந்த ஊரில் அவர் கணிதத்தைப் படிக்கப் போகிறேன் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

என் அப்பாவுக்கு வேறு காரணம். நாங்கள் பொறையார்க்காரர்கள். தரங்கம்பாடி எங்களுக்குப் பக்கத்து ஊர், கோட்டைக்கும் கடலுக்கும் சைக்கிளிலேயே போய் வருவோம். 1706இல் அந்தக் கடற்கரையில் வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்க் படித்தது ஹாலேயில். அவர் கேட்டு, தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டு வந்ததும் ஹாலேயிலிருந்துதான். "அவரு நம்மூருக்கு வந்தாரு, நீ அவரு ஊருக்குப் போறே" என்று அப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அப்பா இந்து, கோயில் உண்டியலைத் தவிர எந்த மதத்துக்கும் காசு கொடுத்தவர் இல்லை. ஆனாலும் சீகன்பால்கை ஊர்க்காரராகத்தான் நினைத்தார்.

எனக்குக் கிடைத்த அறை பழைய நகரத்தில் இல்லை. ஆற்றுக்கு மேற்கே, ஹாலே-நோய்ஷ்டாட்டில். சோஷலிச அரசு 1964இல் அடிக்கல் நாட்டி, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பிய நகரம் அது. சுற்றுவட்டார ரசாயன ஆலைகளின் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலும் தெருப் பெயர்களே கிடையாது, கட்டடங்களுக்கு எண் மட்டும்தான். ஆறு மாடி, லிஃப்ட் இல்லை. நான் ஐந்தாம் மாடி, அந்த அம்மா நான்காம் மாடி.

முதல் பழக்கம் குக்கரால் வந்தது. போய்ச் சேர்ந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை இரவு பருப்பு வேகவைத்தேன். மூன்றாவது விசிலில் கதவு தட்டப்பட்டது. வெந்நீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று பயந்து, கையில் டார்ச்சோடு ஓடி வந்திருந்தார். நான் குக்கரைக் காட்டினேன். அவர் அருகில் போய்க் குனிந்து பார்த்தார். நான்காவது விசில் அடித்ததும் இரண்டு அடி பின்வாங்கி, பிறகு சிரித்தார். மறுநாள் ஒரு தட்டில் ஆப்பிள் கேக் வந்தது. அந்தத் தட்டை வெறுமனே திருப்பித் தர எனக்குக் கை வரவில்லை. எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தத் தட்டு மேலும் கீழும் போய் வந்துகொண்டே இருந்தது.

எழுபது வயதுக்காரர். பூனா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் புனே இல்லை. பியூட்டடையீன், நாட்ரியம் என்ற இரண்டு பெயர்களின் தொடக்கத்தைச் சேர்த்து அங்கே செய்த செயற்கை ரப்பருக்கு வைத்த பெயர், பின்னால் ஆலைக்கே பெயராயிற்று. 1967இல் கிராமத்திலிருந்து வந்து இந்த வீட்டுச் சாவியை வாங்கிய நாளைப் பற்றிச் சொல்லும்போது, குழாயைத் திறந்து காட்டுவார். "திருப்பினால் வெந்நீர்! பழைய நகரத்தில் அப்போது கரி அடுப்பு, கழிப்பறை மாடிப்படியில்." 1990க்குப் பிறகு ஆலையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. இளம்பிள்ளைகள் மேற்கே போனார்கள், அவருடைய இரண்டு பிள்ளைகளும் போனார்கள். தொண்ணூறாயிரத்துக்கு மேல் இருந்த ஊரில் பாதிதான் மிஞ்சியது. காலியான கட்டடங்களில் பலவற்றை இடித்தே விட்டார்கள். தன் மாடிப்படியில் எத்தனை குடும்பங்களுக்கு மூட்டை கட்ட உதவினார், எத்தனை சுவர்களில் துளை அடைத்தார் என்று அவர் கணக்கு வைத்திருக்கவில்லை. ஆனால் பட்டி டப்பா எப்போதும் வீட்டில் இருந்தது.

ஆறு மாதமும் அவர் என்னை 'ஸீ' என்றுதான் அழைத்தார். ஜெர்மன் மொழியிலும் நமக்கு இருப்பதுபோல 'நீ', 'நீங்கள்' உண்டு: 'டூ', 'ஸீ'. ஆனால் நம் ஊரில் எழுபது வயதுப் பாட்டி இருபத்தோரு வயதுப் பெண்ணை நீங்கள் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாகிவிடும். அங்கே அப்படி இல்லை. இரண்டு பேர் எத்தனை வருடம் பழகினாலும், மூத்தவர் வாயைத் திறந்து "இனி நாம் டூ சொல்லிக்கொள்வோம்" என்று கேட்கும்வரை, அது ஸீதான். அவர் கேட்கவில்லை. எனக்கு அது ஒரு கதவு சாத்தியே இருப்பது போல இருந்தது. கேக் வருகிறது, காய்ச்சலில் படுத்தபோது சூப் வந்தது, வார்த்தை மட்டும் வாசலிலேயே நிற்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

வகுப்புகளைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. எனக்கு மறக்காதது கரும்பலகை. சுண்ணாம்புத் துகளை டஸ்டரால் தட்டி வளர்ந்தவள் நான். அங்கே பேராசிரியர் தண்ணீரில் முக்கிய ஸ்பாஞ்சால் பலகையைத் துடைத்து, ரப்பர் பட்டையால் மேலிருந்து கீழாக நீரை வழித்துவிடுவார். ஒரு நிமிடம் பலகை ஈரக் கறுப்பாக மின்னும். அந்த ஒரு நிமிடம்தான் நாங்கள் யோசிப்பதற்கு. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கை தட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். கடைசி வகுப்பன்று அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. பேராசிரியர் சுண்ணாம்புக் கையோடு தலை குனிந்து நின்றார். என் விரல் முட்டி மாலைவரை வலித்தது.

வாராவாரம் ஒரு தாளில் கணக்குகள் கொடுப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து போட்டுக் கொடுக்கலாம். மொத்தத்தில் பாதி மதிப்பெண்ணாவது இருந்தால்தான் தேர்வுக்கு உட்கார விடுவார்கள். தேர்வும் நாம் அறிந்த மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு இல்லை, வாய்மொழித் தேர்வு. அரை மணி நேரம், பேராசிரியர் ஒருவர், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர், நடுவில் நான். மார்ச் நடுவில், காலையில், புதுப் பனியில் பூட்ஸ் அமுங்க அமுங்க கிம்ரிட்ஸர் அணையோரமாக நடந்து போனேன். அணை என்றால் ஆற்றுக்கும் எங்கள் குடியிருப்புக்கும் நடுவே இருக்கும் மண் கரைதான். தினமும் போகிற வழி. கணிதத் துறைக் கட்டடத்துக்குக் காண்டர் பெயர்தான்.

"எங்கிருந்து தொடங்கலாம்?" என்று என்னையே கேட்டார் பேராசிரியர். மூலைவிட்ட நிரூபணத்திலிருந்து என்றேன். காண்டர் அதை 1891இல் அதே ஹாலேயில் கூடிய ஜெர்மன் கணிதர்களின் முன்னால் வைத்தார். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள எல்லா எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலிட்டு முடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணின் முதல் இலக்கத்தை மாற்று, இரண்டாவதின் இரண்டாம் இலக்கத்தை மாற்று, இப்படியே போனால் பட்டியலில் எங்கும் இல்லாத ஓர் எண் கையில் நிற்கும். எத்தனை பெரிய பட்டியலானாலும் ஒன்று வெளியே நிற்கும். பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்ததுபோல ஒப்பித்துவிட்டேன்.

"நீங்கள் உண்டாக்கிய எண் 0.4999 என்று முடிவில்லாமல் போனால்? பட்டியலில் 0.5 இருந்தால்?"

இரண்டும் ஒரே எண். எழுத்தில் வேறு, மதிப்பில் ஒன்று. அப்படியானால் வெளியே நிற்கிறது என்று நான் சொன்ன எண் உள்ளேயே இருக்கிறதே. எனக்கு வாய் அடைத்துவிட்டது. நம் ஊர் வைவாவாக இருந்தால் இந்நேரம் அடுத்த கேள்விக்குத் தாண்டியிருப்பார்கள், அல்லது விடையைச் சொல்லி முடித்திருப்பார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. நாற்காலியில் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு, காத்திருந்தார். அந்த மௌனத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. உனக்கு இது வரும், வரட்டும் என்ற நிதானம் மட்டும் இருந்தது. நான் படித்த அத்தனை வருடங்களில் ஓர் ஆசிரியர் எனக்குத் தந்த மிகப்பெரிய மரியாதை அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். இப்போது நானும் வகுப்பெடுக்கிறேன். என் மாணவர்கள் திணறும்போது வாயை மூடிக்கொண்டிருக்க மிகவும் பாடுபடுகிறேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. "மாற்றிய இலக்கமாக 0ஐயும் 9ஐயும் போடாமல் இருந்தால் போதும்" என்றேன். குறிப்பெடுத்தவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லிப் பிறகு உள்ளே அழைத்துக் கை குலுக்கினார்கள். 1.7.

அம்மாவுக்கு போன் போட்டேன். "ஒண்ணு புள்ளி ஏழா? எத்தனைக்குடி?" குரலே இறங்கிவிட்டது. "அம்மா, இங்க ஒண்ணுதான் ரொம்ப நல்ல மார்க்கு. அஞ்சு வந்தாத்தான் ஃபெயிலு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப கொறையக் கொறைய நல்லதா? சரி, சாப்புட்டியா நீ?"

தேர்வு முடிந்தால் செமஸ்டர் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அங்கே போவதற்கும் படிவம் உண்டு. வந்தபோது நகராட்சி அலுவலகத்தில் 'இந்த முகவரியில் குடியிருக்கிறேன்' என்று பதிந்ததைப்போல, போகும்போது 'இனி இல்லை' என்று பதிய வேண்டும். வங்கிக் கணக்கு, நூலக அட்டை, காப்பீடு ஒவ்வொன்றிலிருந்தும் பெயரை எடுக்க வேண்டும். சமையலறை மூலையில் சேர்ந்திருந்த பிளாஸ்டிக் பாட்டில்களைக் கடை இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். பாட்டிலுக்கு 25 சென்ட். சந்தைச் சதுக்கத்தில் இசையமைப்பாளர் ஹாண்டலின் சிலைக்குப் பக்கத்தில் நின்று, முத்திரை குத்திய தாளைப் பிரித்துப் பார்த்தேன். சட்டப்படி நான் அந்த ஊரில் இனி இல்லை. ஆனால் மறுநாள் மதியம் கீழ்வீட்டு அம்மாவோடு ஓர் இடத்துக்குப் போவதாக இருந்தது.

ஃபிராங்கே நிறுவனத்துக்கு. சீகன்பால்கின் ஆசிரியர் ஃபிராங்கே 1698இல் அனாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டத் தொடங்கிய பெரிய வளாகம் அது. நாளை நாளை என்று ஆறு மாதம் தள்ளிப் போட்டிருந்தேன். அப்பா ஒவ்வொரு போனிலும் "பாத்தியா?" என்பார். அந்த அம்மாவும் நாற்பத்தைந்து வருடம் எதிர்க்கரையில் இருந்துகொண்டு ஒரு முறைகூட மாடிவரை ஏறிப் பார்த்ததில்லையாம். டிராமில் ஆற்றைக் கடந்து போனோம். அனாதை இல்லத்தின் உச்சி மாடியில், வண்ணம் தீட்டிய பழைய அலமாரிகளில், உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த பொருள்கள். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கியது. ஓர் அலமாரியில் ஓலைகள்.

எங்கள் கடற்கரையின் ஓலைகள். அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் தமிழை மலபார் மொழி என்றே எழுதினார்கள், அதனால் பெயர்ச்சீட்டில் தமிழைத் தேடினால் சட்டென்று அகப்படாது. எழுத்தைப் பார்த்தால் போதும். முந்நூறு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கீறியது. 1714இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூடப் போனார். அந்த இளைஞர் இந்தக் குளிரை எப்படித் தாங்கினார், யாரிடம் தமிழில் பேசினார், திரும்பி வந்தபோது எதை விட்டுவிட்டு வந்தார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே நின்றேன். கண்ணாடியில் என் மூச்சு படிந்தது.

"படிக்க முடிகிறதா உங்களால்?" என்று கேட்டார்.

ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். சொல்லாகச் சேரவில்லை. "அந்தக் காலத்து ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள்" என்றேன். "புள்ளி வைத்தால் எழுத்து பாதியாகும். வைக்காவிட்டால் எது முழுசு, எது பாதி என்று படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும்." அவர் என் கையேட்டை வாங்கி, பேனாவைக் கொடுத்து, எழுதிக் காட்டச் சொன்னார். ன, ன் என்று எழுதினேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். திரும்பி வரும் டிராமில், என் அறையில் தொங்கும் காலண்டரில் மிச்சத் தாள்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

பொறையார் உரக்கடையில் கொடுத்த காலண்டர் அது. அப்பா தபாலில் அனுப்பி, பொங்கலுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. ஊருக்குக் கிளம்பும் நாளான மார்ச் 28 வியாழன் தாளை மட்டும் நான் கிழித்துக்கொண்டேன். மிச்சம் 278. அவர் சமையலறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது.

அன்று காலை காப்பிக்கு அழைத்திருந்தார். காப்பி ஊற்றினார், கேக் வெட்டினார், உட்கார்ந்தார், பிறகு எழுந்து நின்றார். கையை நீட்டித் தன் முதற்பெயரைச் சொன்னார். "இனி நாம் டூ சொல்லிக்கொள்வோம்" என்றார்.

ஆறு மாதமாக எதிர்பார்த்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன், என் நாக்கு எழுபது வயதுக்காரரை நீ என்று சொல்ல மறுத்துவிட்டது. பெயர் சொல்லி அழைப்பது அதைவிட முடியவில்லை. வெளியே வந்தது 'திருமதி' என்ற பழைய "ஃப்ராவ்", பழைய "ஸீ". அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ரயிலுக்கு நேரமாகிறது" என்றார். பெட்டியின் ஒரு பிடியை அவரும் பிடித்துக்கொண்டு நான்கு மாடி இறங்கினோம். ஃபிராங்க்ஃபர்ட் வரைக்கும் ரயில் ஜன்னலில் பனி வயல்கள் ஓடின. நான் அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கேட்க யாரும் இல்லாதபோது சுலபமாக வந்தது.

ஊருக்கு வந்து நாலு நாள் கழித்து, கொல்லையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பாயியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். "நீ மாத்திரை போட்டியா? நீ எதுக்கு வெயில்ல உக்காந்திருக்கே?" சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். எங்கள் வீட்டில் அப்பா 'நீங்க'. சித்தப்பா 'நீங்க'. அம்மா 'நீ'. அப்பாயி 'நீ'. சாமி 'நீ'. எனக்குத் தெரியாத வார்த்தையையா அந்த அம்மா என்னிடம் கேட்டார்? பிறந்ததிலிருந்து வீட்டில் யாருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அந்த இடத்தில் உட்காரத்தான் அவர் கேட்டிருக்கிறார். எனக்குத்தான் அங்கே காதில் விழவில்லை.

கடிதம் எழுதலாம் என்று நினைத்து நினைத்து ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. எழுத்தில் சொல்வது சரியாக இருக்காது என்றும் பட்டது.

ஜூன் முதல் வாரம் ஸாலே பெருகியது. ஹாலேயில் நீர்மட்டம் எட்டு மீட்டரைத் தாண்டிவிட்டது, நானூறு ஆண்டுகளில் இப்படி வந்ததில்லை என்று செய்திகள் வந்தன. படங்களில் நான் தினமும் நடந்த கிம்ரிட்ஸர் அணை ஊறிப்போய்க் கிடந்தது. மாணவர்களும் ஊர் மக்களும் கை மாற்றிக் கை மாற்றி மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 5, புதன்கிழமை, நோய்ஷ்டாட் உட்பட முப்பதாயிரம் பேரை வீடுகளை விட்டு வெளியேறும்படி நகராட்சி கேட்டுக்கொண்டது. சென்னையில் விடுதி மொட்டை மாடியில் நின்று அவர் வீட்டு எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துவிட்டார்.

"வோ பிஸ்ட் டூ?" என்றேன். நீ எங்கே இருக்கே?

ஒரு நொடி சத்தமில்லை.

"வீட்டில்தான்" என்றார். "நான்காம் மாடிக்குத் தண்ணீர் ஏறி வராது. இங்கேயிருந்து எத்தனையோ பேரை அனுப்பிவிட்டேன், நான் போக மாட்டேன்." காலையிலிருந்து அணையில் மூட்டை சுமக்கிற பிள்ளைகளுக்கு ரொட்டி தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். ஃபிளாஸ்க் காலியானதால் காப்பி போட வீட்டுக்கு வந்தாராம். அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறார், சத்தம் கேட்டது. பத்திரமா இரு, கீழே போகாதே, மாத்திரையை எடுத்துப் பையில் வெச்சுக்கோ என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிக்கொண்டே போனேன். எல்லா வாக்கியத்திலும் டூ. அவர் ஆம், ஆம் என்று கேட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் இரு" என்றார் திடீரென்று. "இன்றைய தாளில் பெரிதாக ஒரு சொல் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் வருகிறது, என்னால் படிக்க முடியவில்லை. முதல் எழுத்து மேலே திறந்த பெட்டி, அதற்கு ஒரு கால் இருக்கிறது. நடுவில் ஒன்று, கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிறது. கடைசி எழுத்து நீ எழுதிக் காட்டியது."

"மேலே புள்ளி இருக்கா?"

கண்ணாடியை எடுக்கப் போனார். தண்ணீர் கொதிப்பது கேட்டது. திரும்பி வந்தார்.

"இருக்கிறது. புள்ளி இருக்கிறது."

"புதன்" என்றேன்.

"பூதன்."

"இல்ல, பு. சின்னதா. பு."

"பு" என்றார். "பு. தன். புதன்."